கிழவர், முதியவர், மூத்தோர்... எல்லாம் ஒன்றுதானா?

சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் உங்கள் மேசையைத் துடைக்க வரும் நரைத்த தலைக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

பெரும்பாலும் 'அங்கிள்'. தமிழர் என்று தெரிந்தால் 'ஐயா' அல்லது 'தாத்தா'.

அவரைப் பற்றி வீட்டில் பேசும்போது? அங்கேதான் சொல் மாறுகிறது. முதுமைக்குத் தமிழில் சொற்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொனி.

கிழவர், கிழவி

இன்று நேரில் சொன்னால் கோபம் வரும். ஆனால் பழந்தமிழில் 'கிழமை' என்றால் உரிமை. 'கிழவன்' என்றால் உரியவன், தலைவன். தொல்காப்பியம் காதல் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்கிறது. அங்கே வயதுக்கு வேலையே இல்லை!

முதியவர், முதியோர்

'முது' என்பதில் பழமையும் முதிர்ச்சியும் உண்டு. முதுமொழி, மூதூர், முதுகலைப் பட்டம்... ஆனால் 'முதியோர் இல்லம்' என்ற தொடர் பழகிப்போனதால், சொல்லைக் கேட்டதுமே சிலருக்குத் தனிமைதான் நினைவுக்கு வருகிறது.

மூத்தோர்

சிங்கப்பூரில் செய்திகளிலும் அறிவிப்புகளிலும் அதிகம் காதில் விழுவது இது. பத்து வயதுப் பிள்ளையும் ஒரு வீட்டின் 'மூத்த பிள்ளை'யாக இருக்கலாம். தளர்ச்சியை அல்ல, வரிசையில் முன்னால் இருப்பதைச் சொல்லும் சொல்.

பெரியவர், பெருசு

"பெரியவரே, உட்காருங்க" என்றால் மரியாதை. "பெருசு, கொஞ்சம் தள்ளு" என்றால் கேலி. வேர் ஒன்றுதான்!

வயதைச் சொல்லாத பெயர்கள்

- 1949 அல்லது அதற்குமுன் பிறந்து, 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவர்கள் 'முன்னோடித் தலைமுறை'.
- 1950 முதல் 1959 வரை பிறந்தவர்கள் 'மெர்டேக்கா தலைமுறை'. மெர்டேக்கா என்றால் மலாய் மொழியில் விடுதலை.
- 1960 முதல் 1973 வரை பிறந்தவர்களுக்கு 2023இல் வந்த பெயர் 'இளம் மூத்தோர்'. அப்போது 50 வயதானவரும் அதில் அடக்கம்!

அப்படியென்றால் எதைச் சொல்வது?

சொல்லைவிட அதை யார், எப்போது சொல்கிறார் என்பதே முக்கியம். "எனக்கு வயசாயிடுச்சு" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லலாம். "உங்களுக்கு வயசாயிடுச்சு, சும்மா இருங்கப்பா" என்று நாம் சொல்லிவிட்டு, மருத்துவர் அவரிடம் கேட்ட கேள்விக்கு நாமே பதில் சொன்னால்? அவர் பேச்சு அங்கே நின்றுவிடுகிறது.

'மூத்தோர்' என்று மரியாதையாக அழைத்தால் மட்டும் போதாது. அடுத்த முறை மருந்தகத்தில், பதிலை அவரே சொல்லட்டும்.