லங்கர் கட்டை

லங்கர் கட்டை என்பது ஆறு சின்னங்கள் பொறித்த பகடைகளை உருட்டி, பணயம் வைத்து ஆடப்படும் ஒரு வாய்ப்பு விளையாட்டு ஆகும். பகடையின் முகங்களில் கிரீடம், நங்கூரம், இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் ஆகியவை இருக்கும். பிரித்தானியக் கடற்படையினர் ஆடிவந்த 'கிரவுன் அண்டு ஆங்கர்' ஆட்டத்தின் சின்னங்களும் இவையே. லங்கர் என்னும் பாரசீகச் சொல்லுக்கு நங்கூரம் என்று பொருள். தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் நாளும் புழங்கும் நங்கூரம் என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. தமிழ்நாட்டில் பொது இடங்களில் பணம் வைத்துச் சூதாடுவது 1930 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி குற்றமாகும். புளியங்கொட்டையையோ சோழியையோ பணயமாக வைத்து நண்பர்கள் ஆடுவதற்கும், நிகழ்தகவுப் பாடத்திற்கும் இவ்வாட்டம் நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

ஆடும் முறை

ஆறு சின்னங்களும் வரையப்பட்ட விரிப்பில், ஆடுபவர் தாம் விரும்பும் சின்னத்தின் மீது பணயத்தை வைப்பார். ஆட்டம் நடத்துபவர் மூன்று பகடைகளைக் குவளையில் இட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார். பணயம் வைத்த சின்னம் ஒரு பகடையில் விழுந்தால் பணயத்துக்குச் சமமான தொகையும், இரண்டில் விழுந்தால் இருமடங்கும், மூன்றிலும் விழுந்தால் மும்மடங்கும் கிடைக்கும். வைத்த பணயமும் திரும்பி வரும். ஒன்றிலும் விழாவிட்டால் பணயம் நடத்துபவருக்குச் சேரும். இக்கட்டுரையில் இம்முறை 1-2-3 எனக் குறிக்கப்படுகிறது.

'இருமடங்கு' என்பதில் வைத்த பணயமும் அடங்குமா என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அடங்கும் என்று கொண்டால், ஆடுபவர் வைக்கும் தொகையில் சராசரியாகச் சரிபாதி நடத்துபவருக்குப் போய்விடும்.

எதிர்பார்ப்பு மதிப்பு

ஓர் ஆட்டம் நேரியதா என்பதைக் கணிக்க எதிர்பார்ப்பு மதிப்பு என்னும் கருத்து பயன்படுகிறது. ஒவ்வொரு விளைவின் ஆதாயத்தையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் இது கிடைக்கும். கூட்டுத்தொகை சுழியானால் ஆட்டம் நேரியது. 1654 இல் பாஸ்கலும் பெர்மாவும் பணயத் தொகையைப் பங்கிடுவது குறித்து எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து இக்கருத்து வளர்ந்தது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறை வணிகர்கள் இதை நடைமுறையில் அறிந்திருந்தனர். குளித்தெடுத்த சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து இராது. எனவே சலாபத்திற்கு முன்பே மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கிட்டனர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபங்கள் நடைபெற்றன. சிப்பியின் சராசரி மதிப்பை மாதிரி கொண்டே ஊகிக்க முடியும். பகடையிலோ முகங்களை எண்ணியே துல்லியமாகக் கணக்கிடலாம்.

நடத்துபவரின் ஆதாயம்

மூன்று பகடைகள், ஆறு சின்னங்கள் என்பதால் வெற்றி வாய்ப்பு ஆறில் மூன்று, அதாவது சரிபாதி என்று பலர் எண்ணுவர். இது தவறு. பகடைகள் விழக்கூடிய 216 வகைகளில் குறிப்பிட்ட சின்னம் ஒன்றில் மட்டும் விழுவது 75, இரண்டில் விழுவது 15, மூன்றிலும் விழுவது 1, எதிலும் விழாதது 125. ஆக, வெற்றி வாய்ப்பு 91/216, சுமார் 42 விழுக்காடு மட்டுமே. 1-2-3 முறையில் ஆடுபவர் பெறுவது 75 + 30 + 3 = 108; இழப்பது 125. வேறுபாடு 17. எனவே நடத்துபவரின் ஆதாயம் 17/216, அதாவது 7.87 விழுக்காடு. 10 ரூபாய் வீதம் 100 முறை வைப்பவர் சராசரியாகச் சுமார் 79 ரூபாய் இழப்பார்.

இந்த ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பதை, ஆறு சின்னங்களிலும் தலா ஒரு ரூபாய் இருப்பதாகக் கொண்டு எளிதில் காணலாம். மூன்று பகடைகளிலும் வெவ்வேறு சின்னம் விழுந்தால் நடத்துபவர் மூன்று ரூபாய் எடுத்து மூன்று ரூபாய் கொடுப்பார், ஆதாயம் இல்லை. இரண்டு பகடைகள் ஒத்துவிழுந்தால் நான்கு எடுத்து மூன்று கொடுப்பார். மூன்றும் ஒத்துவிழுந்தால் ஐந்து எடுத்து மூன்று கொடுப்பார். இருமடங்கும் மும்மடங்கும் கொடுக்கும்போதுதான், ஆடுபவர்கள் மகிழ்ந்து ஆரவாரிக்கும் அந்த நேரத்தில்தான், நடத்துபவர் ஆதாயம் அடைகிறார்.

நேரிய பணய விகிதங்கள்

மேற்கண்ட கணக்கே திருத்தத்தையும் காட்டிவிடுகிறது. இரண்டு ஒத்துவிழும்போது நான்கு ரூபாயையும் கொடுத்துவிட வேண்டுமெனில் இரட்டைக்கு 3 மடங்கு. மூன்றும் ஒத்துவிழும்போது 5 மடங்கு. இந்த 1-3-5 முறையில் 75 + 45 + 5 = 125 ஆகி, இழப்பும் ஆதாயமும் சரியாகின்றன. எல்லாச் சின்னங்களிலும் சம பணயம் இருந்தால் ஒவ்வோர் உருட்டலிலும் வரவும் செலவும் ஈடாகும்.

இரட்டைக்கு 2 மடங்கையே வைத்துக்கொண்டு மூன்றுக்கு 20 மடங்கு கொடுத்தாலும் (75 + 30 + 20) கணக்கு சரியாகும். ஆனால் நண்பர்களின் மாலை நேர ஆட்டத்திற்கு இது பொருந்தாது. தேர்ந்த சின்னம் மூன்றிலும் விழுவது 216 இல் ஒருமுறையே என்பதால், 100 முறை உருட்டியும் அது ஒருமுறைகூட வராமலிருக்க சுமார் 63 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வராதவரை 20 மடங்கு என்பது வாய்ச்சொல்லே. வந்துவிட்டாலோ 10 ரூபாய்க்கு 200 ரூபாய் கொடுக்கும் வசதி நடத்துபவரிடம் இருக்க வேண்டும்.

விகிதத்தை மாற்றாமல், ஆட்டம் நடத்தும் பொறுப்பை ஒவ்வொருவராகச் சுற்றி வருவதும் உண்டு. அனைவரும் சம எண்ணிக்கையில் நடத்தி, சமமாகப் பணயம் வைத்தால் மட்டுமே இது நேரியதாகும். தம் முறை வரும்போது பிறரின் பெரும் பணயத்தை ஏற்று, மற்ற நேரங்களில் சிறு பணயம் வைப்பவருக்கு இம்முறை சாதகமாகிவிடும்.

பிற வடிவங்கள்

வியட்நாமின் பவ் குவா ஆட்டத்தில் சுரைக்காய், நண்டு, இறால், மீன், சேவல், மான் ஆகியவை சின்னங்களாக உள்ளன, பகடைகள் மூன்றே. எனவே மேற்கண்ட கணக்கு அப்படியே பொருந்தும். வட இந்தியாவின் ஜண்டி முண்டாவும் நேபாளத்தின் லங்கூர் புர்ஜாவும் ஆறு பகடைகளால் ஆடப்படுகின்றன. அங்கே இரண்டு பகடைகளிலேனும் சின்னம் விழுந்தால்தான் வெற்றி. விழுந்த எண்ணிக்கையளவு மடங்கும், அதனோடு பணயமும் திருப்பித் தரப்பட்டாலும்கூட நடத்துபவரின் ஆதாயம் சுமார் 13.9 விழுக்காடாக இருக்கும்.