பாலம் கற்பித்த பாடம்

1831ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று, இங்கிலாந்தில் பிராட்டன் தொங்கு பாலத்தைப் படைவீரர் 74 பேர் ஒரே சீராக அடிவைத்துக் கடக்கலாயினர். பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு அடிகள் இணைந்ததால் ஆட்டம் பெருகியது, இதுவே ஒத்ததிர்வு. நலிந்த போல்ட் ஒன்று முறிந்து, பாலத்தின் ஒரு முனை ஆற்றில் சரிந்தது. அதன்பின் பாலங்களில் நடைச்சீரைக் கலைத்துச் செல்வது படைகளின் வழக்கமாயிற்று.

அப்பாடம் இன்று கைப்பேசிக்கும் வேண்டியதாகிறது. 2012இல் வெளிவந்த நோக்கியா லூமியா 920இல், கைநடுக்கத்தை ஈடுசெய்ய லென்சுத் தொகுதியே நகர்ந்தது. இத்தகைய நுண்ணமைப்பின் திறன், ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள்களின் அதிர்வால் குன்றலாம் என 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் எச்சரித்தது.

எஞ்சினின் அதிர்வு சட்டத்தின் வழியே ஹேண்டில்பாரை எட்டுகிறது. ஸ்கூட்டரில் அது குறைவு. எனினும் அங்கும் அதிர்வு தணிக்கும் தாங்கி தேவை. பெரிய வண்டியிலோ, கைப்பேசி உங்கள் சட்டைப்பையில் இருப்பதே நலம்.