பனித்தெருவும் பெருவிசையும்



தெரு உறைந்து பனிக்கட்டியாகும் பருவம் என்று ஒன்று நம் நாட்டில் இல்லை. நுவரெலியாவிலே தை மாசி வைகறைகளிற் புல்நுனியில் வெண்பனி உறைவதுண்டு. வெயில் ஏறியதும் அதுவும் மறைந்துபோம். ஆயினும், நம்மவர் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் குடியிருந்து, ஆண்டிற் பல மாதங்கள் பனிமீது வாகனம் செலுத்தி வாழ்கின்றனர். அவர்களுட் சிலர், ‘எஸ்.யு.வி.’ எனப்படும் உயர்ந்த உடலும் பெருவிசையும் கொண்ட வாகனங்களை விரும்பி வாங்குகின்றனர். குளிர்காலம் வருமுன் அவ்வாகனத்துக்கு எத்தகைய சில்லும் எத்தகைய டயரும் பூட்டுவது என்னும் வினா அங்கே ஆண்டுதோறும் எழுகின்றது. சிறிதாகத் தோன்றும் இவ்வினாவின் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவருக்கு விடை எளிது. அறியாதவரிடத்தோ அது சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்டுவிடும்.

இறப்பரும் குளிரும் தொடக்கத்திலிருந்தே பகைகொண்டவை. 1830களில் அமெரிக்காவிலே பச்சை இறப்பராற் காலணிகளும் மழையுடைகளும் செய்து விற்றனர். அவை கோடையில் இளகி ஒட்டிக்கொண்டன. குளிரில் விறைத்து வெடித்தன. 1839 ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் குட்யியர் என்பார், இறப்பரோடு கந்தகம் கலந்து வெப்பமூட்டினால் இக்குறை பெரிதும் நீங்கும் எனக் கண்டார். 1888 ஆம் ஆண்டிற் பெல்பாஸ்ற் நகரத்து விலங்கு மருத்துவரான ஜோன் பொய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். மோட்டார் வாகனம் பிறந்த அக்காலத்தில் அதற்கு ஏற்ற பாதமும் வாய்த்தது. ஆனால் அப்பாதம் வறண்ட மண்ணுக்கு உரியதேயன்றிப் பனிக்கு உரியதன்று.

முற்காலத்து டயர்களின் முகம் வழுவழுப்பாக இருந்தது. சேற்றிலும் பனியிலும் சில்லு சுழன்றதேயன்றி வண்டி நகரவில்லை. சிலர் குளிர்காலம் முழுவதும் தம் வாகனத்தைக் கொட்டிலிற் பூட்டிவைத்தனர்; சிலர் டயரைச் சுற்றிக் கயிறு கட்டினர். கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியைப் பூட்டும் முறைக்கு 1904 இல் நியூயோர்க் மாநிலத்தவரான ஹரி வீட் உரிமம் பெற்றார். மலைப்பாதைகளில் அச்சங்கிலி இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அதனைப் பூட்டியபின் மெதுவாகவே செல்லல் வேண்டும். பனி நீங்கிய தெருவில் அது தெருவையும் கெடுக்கும், தானும் தேய்ந்து அறும்.

டயரையே பனிக்கென வடித்தல் வேண்டும் என்னும் எண்ணம் பின்லாந்திலே உருப்பெற்றது. ஆண்டிற் பல மாதங்கள் பனி மூடும் அந்நாட்டில், காடும் ஏரியும் கடந்து ஊர்களுக்குப் பண்டங்கள் செல்ல லொறிகளே துணை. அங்கே நொக்கியா என்னும் ஊரில் இறப்பர்த் தொழிற்சாலையொன்று இருந்தது. பின்னாளிற் கைத்தொலைபேசியால் உலகறிந்த பெயர் அவ்வூரின் பெயரேயாம். 1934 ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை லொறிகளுக்கென ‘கெலிரெங்காஸ்’ என்னும் டயரை ஆக்கியது. குறுக்கே ஆழ்ந்த பள்ளங்களைக் கொண்ட அதுவே உலகின் முதற் குளிர்கால டயர் எனப்படுகிறது. அப்பள்ளங்களிற் பனி புகுந்து இறுகும். இறுகிய பனி தெருவிலுள்ள பனியைப் பற்றும். பனியைக் கொண்டே பனியைப் பிடிக்கும் உபாயம் அது. 1936 இல் மோட்டார்க் கார்களுக்கென ‘ஹக்கபெலிட்டா’ வந்தது. முப்பதாண்டுப் போரிலே சுவீடன் அரசனின் படையிற் சமர்புரிந்த பின்லாந்துக் குதிரைவீரரின் பெயரை அதற்கு இட்டனர்.

பனியை வென்றாயிற்று, பனிக்கட்டி எஞ்சி நின்றது. கண்ணாடிபோல் உறைந்த தெருவிற் பள்ளங்களாற் பயனில்லை. எனவே 1960களில், கடுமையான உலோக முனைகொண்ட சிற்றாணிகளை டயரிற் பதிக்கும் வழக்கம் பரவியது. அவை பனிக்கட்டியைக் கீறிப் பிடித்தன. கூடவே தெருவையும் கீறின. மேற்கு ஜேர்மனி 1970களின் நடுவில் ஆணி டயரை விலக்கியது. யப்பானின் அனுபவம் இதனிலும் கசப்பானது. செந்தாய் முதலிய வடபுல நகரங்களில், ஆயிரமாயிரம் ஆணிகள் அரைத்த தெருப்புழுதி காற்றெங்கும் பரந்தது. வாகனத்தில் இருந்தவர் வழுக்காமற் சென்றனர். தெருவோரம் நடந்தவர் அப்புழுதியைச் சுவாசித்தனர். ஒருவருடைய பாதுகாப்பு மற்றவருடைய நோயாகலாமோ என மக்கள் முறையிட்டனர். அதன் பயனாக 1990 ஆம் ஆண்டில் ஆணி டயரைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது.

அந்த முறையீடே புதியதொரு வழியையும் திறந்தது. பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. வழுக்கலுக்கு அதுவே பெருங்காரணம். அந்நீரை உறிஞ்சும் நுண்துளைகள் நிறைந்த இறப்பரைக்கொண்டு, 1988 இல் யப்பானிய பிரிட்ஜ்ஸ்ரோன் நிறுவனம் ‘பிளிசாக்’ என்னும் ஆணியில்லா டயரை வெளியிட்டது. டயரின் முகத்திலே கத்தியாற் கீறியதுபோன்ற மென்கீற்றுகள் பெருகின. குளிரிலும் விறைக்காத இறப்பர்க் கலவையைத் தேடுவதே இத்துறையின் முதற்பணியாயிற்று.

நேயர்களே, இவ்விடத்தில் நம் நாட்டையும் நினைவுகூர்தல் தகும். 1876 ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற விதைகளில் முளைத்த ஏறத்தாழ 2,000 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை வேரூன்றின. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அங்கிருந்து விதைகள் சென்றன. அம்மரத்துப் பாலிலிருந்து பெறும் இயற்கை இறப்பர், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வரையும் கண்ணாடிபோல் இறுகுவதில்லை. ஆதலால் குளிர்கால டயரின் கலவையில் அதற்குச் சிறப்பிடம் உண்டு. வெப்பநாட்டு மரத்தின் பால், குளிர்நாட்டுத் தெருவில் உயிர்காக்கும் விந்தை இது.

இனி, பெருவிசை வாகனத்துக்கு வருவோம். 1980 இல் ஜேர்மனியின் ஓடி நிறுவனம் ‘குவாட்ரோ’ என்னும் காரை வெளியிட்டு, நான்கு சில்லுகளையும் எஞ்சின் இயக்கும் முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. 2002 இல் பந்தயக் கார்களுக்குப் பேர்பெற்ற போர்ஷே நிறுவனம் ‘கயேன்’ என்னும் எஸ்.யு.வி.யை ஆக்கியது. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையும், அதன் உயர்வகையில் 450 குதிரைவலுவும் கொண்ட வாகனம் அது. அதனையொத்த பல அதன்பின் வந்தன. நான்கு சில்லும் உந்தும் வாகனத்துக்குப் பனி ஒரு பொருட்டன்று என்னும் மயக்கமும் கூடவே வந்தது.

இம்மயக்கத்தைப் போக்க ஒரு சிறு கணக்குப் போதும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனத்தை நிறுத்துகிறோம். உலர்ந்த தெருவின் உராய்வுக் குணகம் 0.8 எனின், பிறேக்கை அழுத்தியபின் அது ஏறத்தாழ 31 மீற்றரில் நிற்கும். பனிக்கட்டியில் அக்குணகம் 0.1 ஆகக் குறைந்தால், நிற்க ஏறத்தாழ 250 மீற்றர் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் அத்தூரம் காற்பங்காகும். இக்கணக்கிலே குதிரைவலுவுக்கு இடமில்லை. எத்தனை சில்லுகளை எஞ்சின் உந்துகிறது என்பதற்கும் இடமில்லை. வேகமும் டயரின் பிடியுமே அங்கே உள்ளன. நான்கு சில்லும் உந்துவது புறப்படத் துணைசெய்யும்; நிற்கத் துணைசெய்யாது. எளிதிற் புறப்பட்டவன் தெரு வழுக்குவதை உணராமலே வேகம் கொள்கிறான் என்பதே இதிலுள்ள அபாயம்.

இத்தகைய வாகனங்கள் 21, 22 அங்குலச் சில்லுகளுடன் விற்பனைக்கு வருகின்றன. கண்ணுக்கு அவை அழகு. ஆயினும் குளிர்காலத்துக்கு, வாகனம் செய்தவர் இசைவளித்த அளவுகளுட் சிறிய சில்லே நன்று. சில்லு சிறுத்தால் டயரின் பக்கச்சுவர் உயரும். பனிக்குள் மறைந்த குழியில் மோதும்போது சில்லு வளையாது. டயரின் அகலம் சற்றே குறைந்தால், இளகிய பனியைக் கீறி அது அடித்தரையை எட்டும். ஆனால் பெருவிசை வாகனத்தின் பிறேக்குகளும் பெரியன. அவற்றில் உரசுமளவுக்குச் சில்லைச் சிறுக்கலாகாது. டயர் தாங்கும் பாரத்தின் அளவு வாகனத்தின் நிறைக்கு ஈடாதல் வேண்டும். நான்கிலும் ஒரே வகை டயர் பூட்டுதல் வேண்டும். இரண்டை மட்டும் மாற்றுவோர் வளைவிலே வாகனத்தின் ஒருமுனை பிடிக்க மறுமுனை வழுக்கக் காண்பர். பக்கச்சுவரிலே மூன்று சிகரம்கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்திருத்தலைக் காண்க. வரையறுத்த பனிச் சோதனையில் தேறியமைக்கு அதுவே அடையாளம்.

அரசுகளும் இப்பாடத்தைக் கற்றுள்ளன. சுவீடன் 1999 இலும், கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 இலும் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கின. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. அங்கே தெரிவு அவரவர் அறிவைப் பொறுத்தது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் இறங்கும் நாளே டயர் மாற்றும் நாள் என அத்துறையினர் பொதுவாகக் கூறுவர். முதற் பனி விழும்வரை காத்திருப்பவர், மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் இருந்துகொண்டு கிடுகு தேடுபவரை ஒப்பர்.

சங்கிலி பூட்டியவரும், பள்ளம் வடித்தவரும், ஆணி பதித்தவரும், அவ்வாணியை அகற்றியவரும் விசையைப் பெருக்க முயன்றவரல்லர், பிடியைத் தேடியவர்களே. வெளிநாட்டில் வாழும் பிள்ளை, புதிதாக வாங்கிய வாகனத்தின் குதிரைவலுவைத் தொலைபேசியிற் பெருமையோடு கூறும்போது, ‘நல்லது பிள்ளை, அது பனியில் நிற்குமா?’ என்று இங்குள்ள தாயோ தந்தையோ ஒரு வார்த்தை கேட்பார்களாக. அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.