சைகோனின் நொய்ச்சோறு

ஆலையில் நெல் அரைபடும்போது உடைந்து சிதறும் அரிசிக்குத் தமிழில் நொய் என்று பெயர். வியட்நாமியர் அதைத் 'தாம்' என்கிறார்கள். நம் ஊரில் நொய் கஞ்சிக்கும் கோழிக்கும் போனது. சைகோனிலோ அதுவே நகரத்தின் அடையாளச் சாப்பாடாகிவிட்டது. 'கொம் தாம்' என்றால் நொய்ச்சோறு. அதன்மேல், கரியடுப்பில் சுட்ட எலும்போடு கூடிய பன்றிக்கறித் துண்டு.

தொடக்கம் ஏழ்மைதான். மீகாங் கழிமுகத்து விவசாயிகள் நல்ல அரிசியை விற்றுவிட்டு நொய்யைத் தின்றார்கள். 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. மறு ஆண்டே துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. கால்வாய் வெட்டினார்கள், சதுப்பு நிலம் வயலானது, நெல் படகு படகாகச் சைகோனை ஒட்டிய சோலோனுக்கு வந்து குவிந்தது. வயலுக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு. அவர்களுடைய தண்டாயுதபாணி கோயில் சைகோன் நடுவில் இன்றும் நிற்கிறது. அரிசி ஆலைகளோ அன்று பெரும்பாலும் சீனர் கையில் இருந்தன.

சோலோன் என்றால் 'பெரிய சந்தை'. 1770களின் போரில் பியென் ஹோவாவிலிருந்து தப்பிவந்த சீன வணிகர்கள் வளர்த்த ஊர் அது. கறியை ஊறவைக்கும் கலவையில் அந்த அக்கம்பக்க வாழ்க்கை அப்படியே தெரிகிறது. எலுமிச்சைப்புல், சின்ன வெங்காயம், பூண்டு, நெத்தலியை உப்பிட்டு மாதக்கணக்கில் வைத்து வடித்த 'நுவொக் மாம்' ஆகியவை வியட்நாமியப் பங்கு. சோயா சாஸும் ஐந்து மசாலாப் பொடியும் சீனப் பங்கு. சில வீடுகளில் ஆய்ஸ்டர் சாஸும் சேரும். அது குவாங்டோங்கில் 1888 வாக்கில் பிறந்த சரக்கு; அடுப்பில் மறந்துவிட்ட சிப்பிச் சூப் கெட்டியாகி உண்டானது என்பது அதை விற்கும் நிறுவனம் சொல்லும் கதை. ஆக, அதை ஊற்றிவிட்டு 'ஆதிகாலத்துப் பக்குவம்' என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கலவையில் சர்க்கரை தாராளம். கறியை மெல்லிசாக வெட்டி, கத்தியின் முதுகால் தட்டி, ஊறவைத்துக் கரித்தணலில் வைப்பார்கள். தணல் மிஞ்சினால் உள்ளே வேகுமுன் சர்க்கரை கருகிக் கசக்கும். பதமாக இருந்தால் ஓரம் மட்டும் பழுப்பேறும். கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகை கறியிலும் படியும், தெருமுனைவரை விளம்பரமும் செய்யும்.

பிரெஞ்சுக்காரர்களும் தடம் விட்டுப் போயிருக்கிறார்கள். இந்தத் துண்டுக்கு அங்கே 'கோத் லெத்' என்று பெயர். பிரெஞ்சுச் சொல்லான 'கோத்லெத்'திலிருந்து வந்தது. நம் டீக்கடைக் கட்லெட்டும் அதே வேர்தான், எலும்பு மட்டும் வழியில் விழுந்துவிட்டது! கிண்ணமும் குச்சியும் புழங்கும் நாட்டில் இந்தச் சோற்றைத் தட்டில் போட்டு, கரண்டியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிறார்கள்.

கூடவே மெல்லிசாகச் சீவி, வறுத்த அரிசிப்பொடியில் புரட்டிய பன்றித்தோல், முட்டையும் கொத்துக்கறியும் சேர்த்து அவித்த துண்டு, வெங்காயத்தாள் எண்ணெய். நொய்யைப் போலவே தோலையும் வீணாக்க மனமில்லாத சமையல் இது.

1975இல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளோடு நொய்ச்சோறும் கடல் கடந்தது. கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரத்து வியட்நாமியக் கடைகளில் இப்போது நொய் தனி மூட்டையாக விற்பனையாகிறது, 'உடைந்த அரிசி' என்று மேலே அச்சிட்டே.