அவுரி ஆலையும் பர்மிங்காம் வக்கீலும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வறண்ட சமாசாரம் என்று நினைப்பீர்கள். அதன் 19-ஆம் பிரிவில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. ஒருவர் தன் அவுரி ஆலையில் ஆண்டுக்கு 500 மணங்கு சாயம் எடுக்கிறது என்று இன்னொருவரை நம்பவைக்கிறார். வாங்க வந்தவர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார். 400 மணங்குதான் இருக்கிறது. பார்த்த பிறகும் ஆலையை வாங்குகிறார். பின்னால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா? முடியாது. தெரிந்துதானே வாங்கினார்!

ஏன் அவுரி என்று கேட்கிறீர்களா? எட்டாம் வகுப்பில் நடத்தினேனே, 1859-இல் வங்காளத்தில் வெடித்த அவுரிக் கலகம். அதெல்லாம் நடந்து பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் உதாரணத்தில் வருவது ஆலை வாங்கும் பணக்காரர்தான். முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடியானவர் இல்லை. எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

சரி, வாங்குபவர் கணக்கையே பார்க்காமல் விட்டால்? அதே பிரிவு அதற்கும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது.

ஒன்பது வருஷம் கழித்து இதே கேள்வி இங்கிலாந்தில் வந்தது. ரெட்கிரேவ் என்ற பர்மிங்காம் வக்கீலுக்கு வயதாகிவிட்டது. தொழிலில் கூட்டுச் சேரவும் தன் வீட்டை 1600 பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளவும் ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார். ஹர்ட் என்பவர் வந்தார். தொழிலில் ஆண்டுக்கு 300 பவுண்டு போல வரும் என்றார் பெரியவர். காட்டிய கணக்கில் 200 கூடத் தேறவில்லை. மீதி எங்கே என்று கேட்டதற்கு ஒரு காகிதக் கட்டைக் காட்டி, ‘இதில் இருக்கிறது’ என்றார். ஹர்ட் கட்டைப் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் அதில் ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். 100 பவுண்டு முன்பணம் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் வீட்டை வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பெரியவர் வழக்குப் போட்டார்.

கீழ்க் கோர்ட்டில் ரெட்கிரேவ் ஜெயித்தார். 1881-இல் மேல்முறையீட்டில் நீதிபதி ஜெஸ்ஸல் அதைப் புரட்டிப் போட்டார். தவறாகச் சொல்லி நம்பவைத்தவர், ‘நீ சோதித்துப் பார்த்திருக்கலாமே’ என்று தப்பிக்க முடியாது என்றார். ஹர்ட்டுக்கு முன்பணம் திரும்பியது. நஷ்டஈடு மட்டும் கிடைக்கவில்லை. மோசடி என்று அவர் தன் மனுவில் முறையாகச் சொல்லியிருக்கவில்லை.

கவனித்தீர்களா? அங்கே சோம்பேறிக்கும் சட்டம் கை கொடுத்தது. இங்கே நமக்கு எழுதிக் கொடுத்தது வேறு. இன்றும் நம் சட்டத்தில் அந்த விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் ஆறுதல்: தெரிந்தே சொன்ன பொய் என்று நிரூபித்துவிட்டால், ‘நீ ஏன் பார்க்கவில்லை’ என்று பொய் சொன்னவர் கேட்க முடியாது.

அந்த நிரூபணம்தான் மலை. பிளைமவுத் டிராம் கம்பெனி வழக்கைப் பாருங்கள். நீராவியில் வண்டி ஓட்ட உரிமை உண்டு என்று பங்கு விற்பனை அறிக்கையில் போட்டார்கள். உண்மையில் அதற்கு வணிக வாரியத்தின் சம்மதம் வேண்டும். வாரியம் பெரும்பகுதிக்குத் தரவில்லை, கம்பெனி மூழ்கியது. பங்கு வாங்கிய ஹென்றி பீக் வழக்குப் போட்டார். 1889-இல் பிரபுக்கள் சபை, இயக்குநர்கள் உண்மையென்று நம்பித்தான் சொன்னார்கள், ஆகவே மோசடி இல்லை என்றது. அடுத்த வருஷமே பாராளுமன்றம் இயக்குநர்களைப் பொறுப்பாக்கித் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் இப்போது தோண்டக் காரணம், என்னிடம் படித்த பிள்ளை ஒருவர். மனை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறார். ‘அப்ரூவ்டு’ என்று வாயால் சொல்லி நோட்டீஸும் கொடுத்திருக்கிறார்கள். பத்திர நகலையும் நீட்டினார்களாம், இவர் பிரிக்கவில்லை. “நம்பித்தானே சார் கொடுத்தேன்” என்கிறார். அந்த நோட்டீஸைத் தொலைக்காமல், வாட்ஸ்அப்பில் வந்த பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். திங்கட்கிழமை போகிறார். உங்களில் சிவில் வக்கீல்களாக இருக்கும் பிள்ளைகள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.