வயிரம் உள்ளேயா, வெளியேயா?

பெங்களூரு வைட்ஃபீல்டில் சாலையை அகலப்படுத்த மரம் வெட்டினால் துண்டுகளை ஓரமாகப் போட்டுவைப்பார்கள். வேப்பந்துண்டு என்றால் ஓரம் வெளிறி, நடுவில் செம்பழுப்பாக இறுகிய வயிரம் தெரியும். பக்கத்தில் தென்னந்துண்டு கிடந்தால் அது நேர்மாறு. வெளிப்பக்கம் கோடரிக்கே வேலை வைக்கும். நடுப்பக்கம் விரலால் பிய்த்தால் நார்நாராக வரும் சோறு. வெட்டுவாயில் பழுப்புப் புள்ளிகள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டும் நடுவில் விலகி விலகியும் நிற்கும். இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு செடிகொடிகளை இரண்டாகப் பிரித்துவிட்டது தொல்காப்பியம்.

பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியலில் அது வருகிறது. வயிரத்துக்கு அங்கே காழ் என்று பெயர். வெளியே காழ் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். ஆக, வானத்தைத் தொடும் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லின் கூட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. அதோடு விடவில்லை. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லுக்கு. தளிர், கோடு, அரும்பு, இலை எல்லாம் மரத்துக்கு என்று உறுப்புகளையும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. காயும் பழமும் தோலும் இரண்டுக்கும் பொது. (வாழையை மட்டும் நாம் ‘இலை’ போட்டுச் சாப்பிட்டுப் பழகிவிட்டோம், மரபியல் கணக்கில் அது இடறுகிறது.)

மரபியல் பிற்காலச் சேர்க்கை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், இங்கிலாந்தின் ஜான் ரே ஒருவித்திலை, இருவித்திலை என்று செடிகளைப் பிரித்து எழுதிய 1682ஆம் ஆண்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அந்தப் பெருமை வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை சுற்றுகிறது. பெருமையில் தப்பில்லை, ஆனால் இருவரும் பார்த்த இடம் வேறு. ரே விதைக்குள் இருக்கும் இலைகளை எண்ணினார். நம்மவர் கட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தார். வேம்பிலும் தேக்கிலும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு வளர்படலம் இருக்கிறது. ஆண்டுதோறும் அது உள்பக்கம் புதுக் கட்டையைச் சேர்க்க, பழைய கட்டை நடுவில் செத்து இறுகி வயிரமாகிறது. பனைக்கும் தென்னைக்கும் அந்தப் படலம் கிடையாது. நீர் ஏற்றும் நார்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறி, ஓரத்தில்தான் அடர்ந்திருக்கும். ரேயின் கோடும் மரபியலின் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவது இதனால்தான். பனையைக் கைமரத்துக்கும் தேக்கைத் தூணுக்கும் அறுத்த தச்சனுக்குத் தெரிந்த விஷயம் இலக்கணத்துக்குள் ஏறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

சங்கடமும் உண்டு. முருங்கையை வெட்டிப் பாருங்கள்: உள்ளேயும் வயிரமில்லை, வெளியேயும் இல்லை. வேறு அடையாளங்களைப் பார்த்தவர்களும் உண்டு. கிரேக்கத்தின் தியோஃப்ராஸ்டஸ் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே மரம், புதர், குறும்புதர், பூண்டு என்று உயரமும் தண்டும் பார்த்துப் பிரித்தார். ஆயுர்வேத ஆசிரியர் சரகர் பூத்தலையும் காய்த்தலையும் பார்த்தார்: அத்திபோலப் பூ தெரியாமல் காய்ப்பது, பூத்துக் காய்ப்பது, காய்த்ததும் மடிவது, படர்வது. எல்லாமே கண்ணுக்குப் பட்டதைக்கொண்டு போட்ட கோடுகள். இந்த மூன்றிலும் நான்கைந்து பெட்டிகளுக்கு மேல் போகவில்லை.

எண்ணிக்கையைக்கொண்டு பெட்டிகளைப் பெருக்கியவர் சுவீடனின் லின்னேயஸ். 1735இல் செடிகள் மொத்தத்தையும் 24 வகுப்புகளில் அடைத்தார். பெரும்பாலும் பூவுக்குள் இருக்கும் ஆண் தாள்களான மகரந்தத் தாள்களை எண்ணுவதுதான் வேலை. அடுத்தபடியாகப் பெண் பாகத்தின் எண்ணிக்கை. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், நூலகம் வேண்டாம். கப்பலிலும் மாட்டுவண்டியிலும் செய்யலாம். உலகம் சுற்றப் புறப்பட்ட மாணவர்களுக்கு ஏற்ற முறை.

அப்படி வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கொயனிக். லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். 1768இல் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்து இறங்கினார். பிறகு ஆற்காடு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்து 1785இல் ஆந்திரக் கடற்கரையில் காலமானார். சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்தி குருவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவற்றில் ஒன்றுக்கு 1771இல் லின்னேயஸ் வைத்த பெயர் பெர்கெரா கொயனிகி. நம் வீட்டுக் கறிவேப்பிலைதான் அது.

இந்தக் கறிவேப்பிலையை வைத்தே லின்னேயஸ் முறையின் பலமும் பலவீனமும் பார்த்துவிடலாம். அதன் வெள்ளைப் பூவில் பத்துத் தாள், ஒரு சூல்தண்டு. அதனால் பத்தாம் வகுப்பில் விழுந்தது. அதே பெட்டியில் பத்துத் தாள் உள்ள வேம்பின் இனமும் இருந்தது. கறிவேப்பிலை என்று பெயர் வைத்த நம் பாட்டிமார் சந்தோஷப்படலாம். ஆனால் சரக்கொன்றையும் அங்கேதான் இருந்தது, அதற்கும் பத்துத் தாள் என்பதால்! அவரைபோல நெற்று விடும் கொன்றை இங்கே. அதன் உறவான துவரை, தாள்கள் இரு கற்றையாகச் சேர்ந்திருப்பதால் வேறு வகுப்பில். கறிவேப்பிலையின் நிஜமான பங்காளியான எலுமிச்சையோ, தாள்கள் பல கற்றைகளாக இருப்பதால் இன்னொரு மூலையில். இரண்டின் இலையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகளாக எண்ணெய்ச் சுரப்பிகள் தெரியும். வாசனை வருவது அவற்றிலிருந்துதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அந்தப் புள்ளிகள் கணக்கில் வரவில்லை.

பிரான்சின் ஜுஸ்யூ 1789இல் எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்து உறவு சொல்லும் இயற்கை முறையை முன்வைத்தார். தென்னிந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட். தாவரவியலாளர் ஆர்னட்டோடு சேர்ந்து 1834இல் அவர் வெளியிட்ட தீபகற்பத் தாவர நூலில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் அவருக்குப் படம் வரைந்தார்கள். அவரது ஆறு தொகுதிப் படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

தரங்கம்பாடி வழியாக வந்தவர்களில் இருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. 1776இல் வந்த ராட்லர் ஒருபக்கம் செடி சேர்த்தார், மறுபக்கம் தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தார். அடுத்தவர் பெஞ்சமின் ஹெய்னே. 1799இல் மைசூரின் திப்பு வீழ்ந்ததும், கம்பெனியின் நில அளவையாளர் மெக்கன்சியின் மைசூர் அளவைக் குழுவில் தாவரவியலாளராகச் சேர்ந்தார். பெங்களூரின் லால்பாக் தோட்டம் அவர் பொறுப்பில் வந்தது. அவர் சேர்த்த மாதிரிகளைக்கொண்டே ஜெர்மனியின் ரோத் 1821இல் புதிய இனங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாம் தொடங்கிய வைட்ஃபீல்ட் அப்போது கிடையாது. பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த 3,900 ஏக்கரில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக அந்த ஊர் உருவானது 1882இல். மறு ஆண்டுதான் இங்கிலாந்தின் பெந்தமும் ஹூக்கரும் தங்கள் மாபெரும் வகைப்பாட்டு நூலை முடித்தார்கள். கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் மனப்பாடம் செய்த முறை அது.

இத்தனை பேருக்கும் காட்டில் வழி காட்டி, செடியின் பெயரும் பயனும் சொன்ன உள்ளூர்க்காரர்கள் யார்? மலபாரில் டச்சு ஆளுநர் வான் ரீட் தமது 12 தொகுதி நூலில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் பெயரையும் மூன்று கொங்கணிப் பிராமணர்களின் பெயரையும் பதிவு செய்தார். அந்த நேர்மை 1678இல் தொடங்கிய நூலில் இருக்கிறது. நூறாண்டு கழித்து வந்தவர்களிடம் குறைந்துவிட்டது. நம் குறையும் உண்டு. மரபியலுக்கு உரை எழுதியவர்களுக்குப் பிறகு, அந்த இரண்டு பெட்டியை இருபதாக்கியிருக்க வேண்டியவர்கள் நாம்தான். சூத்திரத்தை விளக்கினோமே தவிர, கட்டையை மறுபடி அறுத்துப் பார்க்கவில்லை.

கறிவேப்பிலைக் கதைக்கு ஒரு பின்குறிப்பு. 1825இல் ஜெர்மனியின் ஷ்பிரெங்கல் அதை முர்ராயா கொயனிகி ஆக்கினார். அந்த முர்ராயாவுக்குப் பெயர் தந்த முர்ரேயும் லின்னேயஸின் மாணவர்தான். இப்போது வகைப்பாட்டாளர்கள் 1771இன் பழைய பெர்கெராவுக்கே திரும்பிவிட்டார்கள். வைட்ஃபீல்ட் நர்சரி ஒன்றில் முர்ராயா என்று பலகை தொங்கினால் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தப் பெயரானாலும் பின்பாதி தரங்கம்பாடிக் கொயனிக்தான்.