தூக்கத்தை மாத்திரையில் தேடிய கதை

ஸ்ரீரங்கத்துப் பெருமாள் படுத்த கோலத்தில் இருப்பவர். இரவில் அவரை உறங்க வைக்கவும் விடியலில் எழுப்பவும் சன்னிதியில் வீணை வாசிப்பது அக்கோயிலின் பழைய வழக்கம். காலையில் விசுவரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சி பாடியதும் இந்த அரங்கனுக்குத்தான். ஆக, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தீவில், உறங்கும் வேளையும் எழும் வேளையும் பல நூற்றாண்டுகளாக ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை.

விழித்திருப்பதற்கும் ஒரு நாள் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் பலர் கண் விழித்து, பரமபத சோபனம் ஆடிப் பொழுதைக் கழித்துவிட்டு, விடியுமுன் பரமபத வாசல் திறப்பதைக் காணப் போவார்கள். மறுநாள் படுத்தால் அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வரும். அதற்குக் காரணம் எளிது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மிகமிகத் தூக்கம் நம்மை அழுத்துகிறது. உறங்கும்போது அது குறைந்துவிடுகிறது. காப்பி செய்யும் வேலை, இந்த அடினோசினைச் சிறிது நேரம் செயல்பட விடாமல் தடுப்பதுதான்.

வருடத்தில் ஓர் இரவு விழிப்பது வேறு. வாரக்கணக்கில் விழிப்பது வேறு. ஆற்றைக் கடந்து திருச்சிக்கு வாருங்கள். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. 1965-இல் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை. ‘ஷிப்டு’ என்ற சொல் இப்பக்கத்துக் குடும்பங்களில் பேச்சுத் தமிழாகவே ஆகிவிட்டது. இரவு ஷிப்டு முடித்து வருபவர் படுக்கிற நேரத்தில் தெருவில் பால்காரர் மணியடிக்கிறார். உடம்பு களைத்திருக்கிறது; கண் மூட மறுக்கிறது. ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகே குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இருட்டில் அடைக்கப்பட்ட வௌவால்கள்கூட, சுற்றிலும் மற்ற வௌவால்கள் மாலையில் இரை தேடப் புறப்படும் வேளையை அறிந்து, அதே வேளையில் சுறுசுறுப்பாயின. கூட்டத்திலிருந்து பிரித்து வைத்தபோதோ, அவை தம் சொந்தக் கடிகாரத்தின்படி நடந்தன. 1981-இல் இம்முடிவு வெளிவந்தது. பின்னர், வெயிலும் கடிகாரமும் இல்லாத அறையில் மனிதர்களைத் தங்க வைத்தும் அப்பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள்.

நமக்கும் அப்படியொரு கடிகாரம் மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பெரும்பாலோரிடம் அது 24 மணியைவிடச் சற்று நீண்ட நாளைக் காட்டுகிறது. நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது முக்கியமாகப் பகல் வெளிச்சம். இருட்டியதும் மெலட்டோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் பெருகும், காலையில் வற்றிவிடும். இரவு ஷிப்டுக்காரர் வீடு திரும்பும் வழியெல்லாம் வெயில் கண்ணில் பட்டு, ‘எழுந்திரு’ என்று அந்தக் கடிகாரத்துக்குச் சொல்கிறது. அவருடைய தூக்கம் அரைகுறையாவதில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான் மாத்திரை நுழைகிறது. கசகசாவும் சாதிக்காயும் நம் வீடுகளில் பழையவை. அபின் அவ்வளவு சாதுவானதன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் வேலைக்குப் போகுமுன் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்க வைத்த காலம் ஒன்றிருந்தது. ஐரோப்பாவில் 1869-இல் குளோரல் ஹைட்ரேட், 1903-இல் வெரோனால் என்று ரசாயனத் தூக்கம் பிறந்தது. வெரோனால் வகை மருந்துகளுக்குப் பார்பிட்யூரேட் என்று பெயர். அவற்றில் உறக்கம் தரும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. ஆகவே ‘ஆபத்தில்லாத தூக்க மாத்திரை’ ஒன்றுக்காக உலகமே காத்திருந்தது.

அதற்கு இந்தியாவிலிருந்து ஒரு விடை போயிற்று என்பது பலருக்குத் தெரியாது. 1951-இல் ஐ. கே. காக்கரும் எஸ். ஹுசைன் ஜாகீரும் குவினசோலோன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். (ஜாகீர் பின்னாளில் நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரானார்.) அவற்றில் ஒன்று மெத்தாகுவாலோன். 1955-இல் லக்னோவில் எம். எல். குஜ்ராலும் உடனிருந்தோரும், இந்தக் குடும்பத்துக்கு உறக்கம் வருவிக்கும் குணம் உண்டென்று கண்டு எழுதினார்கள். பார்பிட்யூரேட் அல்லாத புதிய வகை! 1965 வாக்கில் பிரிட்டனில் மாண்ட்ராக்ஸ் என்றும், அமெரிக்காவில் குவாலூட் என்றும் அது கடைக்கு வந்தது. பழக்கமாகாது என்ற நம்பிக்கையோடு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

நம்பிக்கை பொய்த்தது. நாளாக ஆக ஒரு மாத்திரை போதவில்லை, இரண்டு வேண்டியிருந்தது. நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் வந்தன. மதுவோடு சேர்த்து விழுங்கி உயிரிழந்தவர்களும் உண்டு. அமெரிக்கா 1973-இல் கட்டுப்பாட்டை இறுக்கி, 1984-இல் முற்றிலும் விலக்கியது. தென்னாப்பிரிக்காவிலோ அது கஞ்சாவோடு சேர்த்துப் புகைக்கும் போதைப் பொருளாயிற்று. 2016-இல் ராஜஸ்தானத்து உதய்ப்பூரில் அதிகாரிகள் பிடித்த மாண்ட்ராக்ஸ் மாத்திரைகளின் எடை மட்டும் 23 டன்னுக்கு மேல். உறங்க முடியாதவர்களுக்காகப் பிறந்த பொருள் எங்கே போய் நின்றது பாருங்கள். கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. பல ஆண்டு கவனித்துப் பார்க்காமலே ‘ஆபத்தில்லை’ என்று விற்றவர்களைச் சொல்லலாம்.

அதே காலத்தில் 1960-இல் லிப்ரியமும் 1963-இல் டயஜெபாமும் வந்தன. அல்பிரசோலாம் முதலியவை அவற்றின் தம்பிகள். மூளையில் காபா என்றொரு பொருள் நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிக்கிறது. இம்மாத்திரைகள் அதன் கையைப் பலப்படுத்துகின்றன. தனியாக உட்கொண்டால் உயிருக்கு ஆபத்து முன்னதைவிடக் குறைவு. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டால் மூளை அந்த உதவிக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்துகிறவருக்கு முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை வருகிறது. அவரோ, “மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது” என்று முடிவு கட்டி, மீண்டும் கடைக்கு ஓடுகிறார். அது நோயன்று, பெரும்பாலும் மாத்திரையை விட்ட சில நாள் தடுமாற்றம். டாக்டரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் அது அடங்கும். தாமாகச் சட்டென நிறுத்துவது ஆபத்து.

2014 மார்ச் முதல் இம்மாத்திரைகளில் பலவற்றை நம் நாட்டில் எச்-1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டும். வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு வைத்திருக்கவும் வேண்டும். ‘பழைய சீட்டுதானே’ என்று நீட்டுகிற நம் பழக்கத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன் செய்ய வேண்டியது, படுக்கைப் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் பயிற்சி என்று 2016-இல் அமெரிக்க டாக்டர் சங்கம் ஒன்று பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் புரளாமல் எழுந்துவிடுவது ஆகியவை அதில் அடங்கும். ஷிப்டுக்காரருக்கு இன்னும் இரண்டு சேர்த்துக் கொள்ளுங்கள்: வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறை ஜன்னலுக்குக் கனத்த திரை. பால்காரரிடம் மணியடிக்க வேண்டாமென்று சொல்லிப் பார்ப்பது உங்கள் சாமர்த்தியம்.